தன்னுடல் தைராய்டு நோயில் சைட்டோகைன்கள் என்ன செய்கின்றன?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில், தைராய்டை வேலை வாங்கும் டி.எஸ்.எச் ஹார்மோன் கூடியிருக்கிறது. அதற்குக் கீழே, தைராய்டின் டி.பி.ஓ நொதியைக் குறிவைக்கும் ஆன்டி டி.பி.ஓ எதிர்ப்பொருளும் அதிகம் என்று அச்சாகியிருக்கிறது. "உங்கள் உடலே உங்கள் தைராய்டைத் தாக்குகிறது" என்கிறார் மருத்துவர். கேட்டவர் மனதில் உடனே ஒரு படம் விழுகிறது: அந்த எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் மிதந்து போய்ச் சுரப்பியை அரித்துத் தின்கின்றன. தைராய்டு மெல்ல அழிந்து சுரப்பு குறையும் ஹாஷிமோட்டோ நோயைப் பொறுத்தவரை அந்தப் படம் பெரும்பாலும் தவறு.

இதற்கு எளிய சான்று ஒன்று உண்டு. தாயின் ரத்தத்தில் உள்ள டி.பி.ஓ எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவுக்குப் போகிறது. ஆனாலும் அந்தக் குழந்தைகளின் தைராய்டு பொதுவாக நன்றாகவே வேலை செய்கிறது. தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் கதை வேறு. அங்கே டி.எஸ்.எச் ஏற்பியை (செல்லின் மேல் இருந்து டி.எஸ்.எச்-ஐ வாங்கிக்கொள்ளும் புரதத்தை) தூண்டும் எதிர்ப்பொருள் தாயிடமிருந்து கடந்து போனால், பிறந்த குழந்தைக்கே சில வாரங்கள் தைராய்டு மிகைச் சுரப்பு வரலாம். ஆக, கிரேவ்ஸில் எதிர்ப்பொருளே நோயை உண்டாக்குகிறது. ஹாஷிமோட்டோவில் அது தாக்குதல் நடக்கிறது என்பதற்கான அடையாளம். அழிக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்பவை சுரப்பிக்குள் குடியேறிய டி செல்கள் என்ற வெள்ளணுக்களும், அவை வெளியிடும் சைட்டோகைன்கள் என்ற சிறு புரதங்களும்தான்.

(டி செல்லின் 'டி'யையும் டி3, டி4 ஹார்மோன்களின் 'டி'யையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னது தைமஸ் என்ற உறுப்பில் முதிர்வதால் வந்த பெயர். பின்னது தைராய்டு சுரக்கும் தைரோனின்களைக் குறிக்கிறது.)

சைட்டோகைன் என்றால்

ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் செய்தி என்று வைத்துக்கொள்ளலாம். ஹார்மோனும் செய்திதான். ஆனால் ஹார்மோனை ஒரு சுரப்பி தயாரிக்கும், ரத்தம் அதை உடல் முழுவதும் கொண்டுபோகும். சைட்டோகைனைப் பல வகைச் செல்கள் தயாரிக்கும். பெரும்பாலும் அது பக்கத்துச் செல்லோடு நின்றுவிடும், சில வேளை அனுப்பிய செல்லையே திருப்பித் தூண்டும். அதன் ஆயுள் நிமிடங்கள் முதல் சில மணி நேரம் வரைதான். அளவோ மிகச் சொற்பம்: ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில பிக்கோகிராம். பிக்கோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

பெயர்கள் புதியவரை மிரட்டும். அவை கண்டுபிடிக்கப்பட்ட சந்தர்ப்பத்தையே சொல்கின்றன, முழு வேலையைச் சொல்வதில்லை. 1957-இல் ஐசக்ஸும் லிண்டன்மானும் வைரஸின் வேலையில் குறுக்கிடும் ஒரு பொருளைக் கண்டு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டார்கள். இன்டர்லூக்கின் என்றால் வெள்ளணுக்களுக்கு இடையே பேசுவது. ஆனால் தைராய்டு செல்லும் இன்டர்லூக்கின்-6 தயாரிக்கிறது, அது வெள்ளணு அல்ல. கட்டியை அழிப்பதாகக் கண்டறியப்பட்ட டி.என்.எஃப் ஆல்ஃபா இன்று அழற்சியின் முக்கியத் தூதுவனாக அறியப்படுகிறது. கீமோகைன்கள் தனி உட்பிரிவு. செல்களை ஓர் இடத்துக்கு வரவழைப்பது அவற்றின் வேலை.

செய்தி எப்படிப் படிக்கப்படுகிறது என்பதை இன்டர்ஃபெரான் காமாவை வைத்துப் பார்ப்போம். இந்த நோயில் மற்ற எதையும்விட முதலில் புரிந்துகொள்ள வேண்டிய புரதம் அதுதான். தைராய்டு செல்லின் மேல்பரப்பில் அதற்கென ஏற்பி இருக்கிறது. புரதம் அதில் பொருந்தியதும், ஏற்பியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஜாக்-1, ஜாக்-2 என்ற நொதிகள் விழித்துக்கொள்கின்றன. அவை ஸ்டாட்-1 என்ற இன்னொரு புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. ஸ்டாட்-1 இரண்டிரண்டாக இணைந்து செல்லின் உட்கருவுக்குள் போய்க் குறிப்பிட்ட மரபணுக்களை இயக்குகிறது. இவ்வளவும் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். இயங்கிய மரபணுக்கள் புதிய புரதங்களைச் செய்து முடிக்கச் சில மணி நேரம் ஆகும். அந்தப் புதிய புரதங்கள் எவை என்பதில்தான் இந்த நோயின் சூட்சுமம் இருக்கிறது.

சுரப்பி சும்மா அடி வாங்குவதில்லை

தைராய்டு என்பது நுண்ணிய பைகளின் தொகுப்பு. ஒவ்வொரு பையின் சுவரிலும் ஒரே அடுக்காகச் செல்கள், நடுவே தைரோகுளோபுலின் என்ற புரதக் கூழ். செல்கள் ரத்தத்திலிருந்து அயோடைடை உறிஞ்சுகின்றன. டி.பி.ஓ என்ற நொதி அந்த அயோடினை தைரோகுளோபுலினில் கோக்கிறது. அதிலிருந்து டி4-உம் டி3-உம் பிறக்கின்றன. எவ்வளவு செய்ய வேண்டும் என்று மூளையடிச் சுரப்பி டி.எஸ்.எச் மூலம் சொல்கிறது. தைரோகுளோபுலின், டி.பி.ஓ, டி.எஸ்.எச் ஏற்பி ஆகிய மூன்றுமே தன்னுடல் தாக்குதலின் இலக்குகள்.

1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களின் தைராய்டுத் திசுவில் லிம்போசைட்டுகள் (டி செல்கள், பி செல்கள் அடங்கிய வெள்ளணுக்கள்) குவிந்து கிடப்பதை விவரித்தார். அவை ஏன் அங்கே வந்தன என்று அப்போது சொல்ல வழியில்லை. 1956-இல் ராய்ட், டோனியாக் குழுவினர் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டபோதுதான் இது உடலே உடலைத் தாக்கும் நோய் என்பது தெளிவானது. மூன்றாவது பெரிய திருப்பம் 1983-இல் வந்தது. எச்.எல்.ஏ இரண்டாம் வகுப்பு மூலக்கூறுகள், 'இதோ பார், இது என்ன பொருள்' என்று டி செல்லுக்குக் காட்டும் தட்டுகள் போன்றவை. அவை நோயெதிர்ப்புச் செல்களில் இருக்க வேண்டியவை. பொட்டாசோ, ஹனாஃபூசா உள்ளிட்டோர் அவற்றை நோயுற்ற தைராய்டு செல்களின் மேல் கண்டார்கள். அந்தத் தட்டை ஏந்த வைப்பது இன்டர்ஃபெரான் காமாதான் என்பது பிறகு நிறுவப்பட்டது. மேலே சொன்ன 'புதிய புரதங்களில்' இது முதலாவது.

இரண்டாவது, சி.எக்ஸ்.சி.எல்-10 என்ற கீமோகைன். இன்டர்ஃபெரான் காமா பட்ட தைராய்டு செல் இதை வெளியிடுகிறது. இதன் வாசத்தைப் பிடித்து ஓடிவரும் செல்கள் எவை? சி.எக்ஸ்.சி.ஆர்-3 ஏற்பி கொண்ட, டிஎச்-1 எனப்படும் உதவி டி செல் வகை. அவை எதைச் சுரக்கின்றன? இன்டர்ஃபெரான் காமாவை. அது மறுபடி தைராய்டு செல்லில் படுகிறது, மறுபடி சி.எக்ஸ்.சி.எல்-10 வெளிவருகிறது, மறுபடி டி செல்கள் வருகின்றன. ஒரு சிறு பொறி பல ஆண்டுகள் அணையாமல் இருப்பதற்கு இந்தச் சுழல் ஒரு முக்கியக் காரணம். தாக்கப்படும் உறுப்பே தன்னை அறியாமல் தாக்குபவர்களுக்கு வழிகாட்டுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தைராய்டு செல் தட்டை ஏந்துவதால் அதுவே நோயைத் தொடங்கி வைக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. புதிய டி செல்லை எழுப்பத் தட்டு மட்டும் போதாது, துணைத் தூண்டல் என்ற இரண்டாவது சைகையும் வேண்டும். தைராய்டு செல்லிடம் அது வழக்கமாக இருப்பதில்லை. தொடங்கி வைப்பவை டென்ட்ரிடிக் செல்கள் போன்ற தொழில்முறைக் காவலர்கள். அவை இன்டர்லூக்கின்-12 சுரந்து டி செல்லை டிஎச்-1 பக்கம் திருப்புகின்றன. ஏற்கெனவே விழித்த டி செல்லை ஓயவிடாமல் வைத்திருப்பதே தைராய்டு செல்லின் பங்கு என்று கொள்வதுதான் பொருத்தம்.

அழிவு எப்படி நடக்கிறது

சுரப்பு குறைவது எல்லாச் செல்களும் செத்த பிறகுதான் என்றில்லை. இன்டர்லூக்கின்-1 பீட்டா, டி.என்.எஃப் ஆல்ஃபா, இன்டர்ஃபெரான் காமா மூன்றும் உயிருள்ள செல்லையே மந்தமாக்குகின்றன. அயோடைடு உறிஞ்சுவது குறைகிறது, டி.பி.ஓ-வும் தைரோகுளோபுலினும் உற்பத்தியாவது குறைகிறது. இன்டர்லூக்கின்-1 பீட்டா பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒட்டவைத்திருக்கும் இணைப்புகளையும் தளர்த்துகிறது. பைக்குள் மூடிக் கிடந்த தைரோகுளோபுலின் கசிந்து நோயெதிர்ப்புச் செல்களின் கண்ணில் படுகிறது.

அடுத்து செல் இறப்பு. இந்தச் சைட்டோகைன்களின் தூண்டலால் தைராய்டு செல்லின் மேல் ஃபாஸ் என்ற ஏற்பி முளைக்கிறது. அதை 'தற்கொலைப் பொத்தான்' என்று சொல்லலாம். அதில் பொருந்தும் ஃபாஸ் லிகாண்ட் என்ற புரதம் அதை அழுத்தினால் செல்லுக்குள் காஸ்பேஸ் நொதிகள் வரிசையாக இயங்கிச் செல் தன்னைத்தானே கலைத்துக்கொள்கிறது. கொல்லும் டி செல்கள் பெர்ஃபோரின் கொண்டு துளையிட்டுக் கொல்வதும் கூடவே நடக்கிறது. செல்கள் அழிந்த இடத்தில் டி.ஜி.எஃப் பீட்டா நார்த்திசுவை வளர்க்கிறது. இந்தப் புரதம் இருமுகம் கொண்டது: ஒழுங்குபடுத்தும் டி செல்களின் கையில் அழற்சியைத் தணிக்கிறது, காயம்பட்ட திசுவில் தழும்பாக்குகிறது. நார் நிரம்பிய தைராய்டு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

பி செல்களின் கிளையும் உண்டு. இன்டர்லூக்கின்-21, பாஃப் போன்ற புரதங்கள் பி செல்களைப் பிழைக்க வைத்து எதிர்ப்பொருள் சுரக்கச் செய்கின்றன. நெடுநாள் ஹாஷிமோட்டோவில், நிணநீர் முடிச்சு போன்ற நோயெதிர்ப்பு உறுப்புகளில் இருக்க வேண்டிய முளை மையங்கள் (பி செல்கள் பெருகும் இடங்கள்) தைராய்டுக்குள்ளேயே உருவாகிவிடும். மருத்துவர் ஹாஷிமோட்டோ நுண்ணோக்கியில் பார்த்த குவியல்கள் இத்தகையவைதான்.

இவ்வளவுக்கும் தடை போட ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இருக்கின்றன. இன்டர்லூக்கின்-10-உம் சி.டி.எல்.ஏ-4 மூலக்கூறும் அவற்றின் பிரேக்குகள். சி.டி.எல்.ஏ-4, பி.டி.பி.என்-22, எச்.எல்.ஏ-டி.ஆர்-3 ஆகியவற்றின் சில மரபணு வடிவங்கள் இந்த நோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. குடும்பத்தில் ஓடுவதற்கு ஒரு காரணம் இது.

ஒரே செய்தி, எதிரெதிர் நோய்கள்

ஹாஷிமோட்டோ என்றால் டிஎச்-1, கிரேவ்ஸ் என்றால் (எதிர்ப்பொருள் பக்கம் சாயும் உதவி டி செல் வகையான) டிஎச்-2 என்று பாடக் குறிப்புகளில் பிரித்திருப்பார்கள். ஆரம்பப் பாடமாக அது உதவும், அதிலேயே நின்றுவிட்டால் தவறான இடத்தில் விடும். தீவிர கிரேவ்ஸ் நோயிலும் இன்டர்ஃபெரான் காமாவும் சி.எக்ஸ்.சி.எல்-10-உம் உயர்கின்றன. வேறுபாட்டுக்கு இரண்டு காரணங்கள் முக்கியம். ஒன்று, கிரேவ்ஸில் உருவாகும் எதிர்ப்பொருள் டி.எஸ்.எச் ஏற்பியில் போலி டி.எஸ்.எச் போல உட்கார்ந்து சுரப்பியை விரட்டுகிறது. இரண்டு, இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-10 ஆகியவை தைராய்டு செல்லுக்குள் இறப்பைத் தடுக்கும் புரதங்களைக் கூட்டுவதால், ஃபாஸ் பொத்தான் அழுத்தப்பட்டாலும் செல் எளிதில் சாவதில்லை. இரு நோய்களுக்கும் நடுவே சுவர் இல்லை. கிரேவ்ஸ் வந்தவருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் குறைச் சுரப்பு வருவதும், அரிதாக மறுதிசையில் நடப்பதும் உண்டு.

ஒரே செய்தி வேறு வேறு நோய்களைத் தரலாம் என்பதற்கு மனிதர்களிடம் கிடைத்த தெளிவான சான்று ஒரு மருந்து. ஹெபடைட்டிஸ் சி-க்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசியை 24 முதல் 48 வாரங்கள் வரை போட்டுவந்த காலத்தில், கணிசமானவர்களுக்குத் தைராய்டு எதிர்ப்பொருள் புதிதாகத் தோன்றியது. சிலருக்கு ஹாஷிமோட்டோ வந்தது, சிலருக்கு கிரேவ்ஸ், சிலருக்கு எதிர்ப்பொருளே இல்லாத தைராய்டு அழற்சி. மருந்து ஒன்றுதான், அதை வாங்கிய உடல்கள் வேறு. சிகிச்சைக்கு முன்பே டி.பி.ஓ எதிர்ப்பொருள் இருந்தவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

அலெம்டுசுமாப் என்ற மருந்து, மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் லிம்போசைட்டுகளை ஏறத்தாழத் துடைத்துவிடுகிறது. அவை திரும்ப வளரும்போது ஒழுங்கு குலைந்து வளர்வதால், சுமார் மூன்றில் ஒருவருக்குத் தைராய்டு நோய் வருகிறது. கிரேவ்ஸ்தான் அதிகம். அதனால் கடைசி மருந்தேற்றத்துக்குப் பிறகு 48 மாதம் வரை, 3 மாதத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச் பார்க்க வேண்டும். புற்றுநோய்க்கான பி.டி-1 தடுப்பு மருந்துகள் பிரேக்கையே கழற்றுபவை. அவற்றில் சில வாரங்களிலேயே தைராய்டு அழற்சி வந்து, முதலில் ஹார்மோன் கொட்டி, பிறகு வறண்டு போகும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை பரிசோதனை தேவை.

கிரேவ்ஸ் நோயின் கண் பாதிப்பில் களம் கண்குழிக்கு மாறுகிறது. அங்குள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்கள் சைட்டோகைன் பட்டதும் ஹயலூரோனனைச் சுரக்கின்றன. அது நீரை இழுத்து வீங்கும், கண் முன்னே தள்ளப்படும். அழற்சி உயிரோடு இருக்கும் காலத்தில் மட்டுமே அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் பலிக்கும் என்பதால் காலம் கடத்தக் கூடாது. மிதமான முதல் கடுமையான பாதிப்பில், நரம்பு வழி மெத்தில்பிரெட்னிசோலோன் வாரம் 0.5 கிராம் வீதம் 6 வாரம், பிறகு 0.25 கிராம் வீதம் 6 வாரம், மொத்தம் 4.5 கிராம் என்பது பரவலான முறை. இன்டர்லூக்கின்-6-இன் ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப்பும் சில நோயாளிகளுக்குத் தரப்படுகிறது. புகைப்பிடித்தால் கண் பாதிப்பு வரும் வாய்ப்பும் கூடும், சிகிச்சை பலிப்பதும் குறையும். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நோயாளியின் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் புகையை விடுவதுதான்.

அப்படியானால் சைட்டோகைனை அளந்து பார்க்கலாமா?

வேண்டாம். செய்திகள் சுரப்பிக்குள் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே ஓடுகின்றன. கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் தெரிவது கசிவு மட்டுமே. ஒரு சளிக்காய்ச்சல், உடற்பருமன், கடும் உடற்பயிற்சி எதுவும் இன்டர்லூக்கின்-6 அளவை மாற்றும். எடுத்த ரத்தம் குழாயில் நெடுநேரம் கிடந்தாலும் செல்கள் தொடர்ந்து சுரப்பதால் எண் மாறும். முக்கியமாக, வரும் எண்ணை வைத்து மருந்தை மாற்ற எந்த வழியும் இல்லை.

பயன்படுபவை: டி.எஸ்.எச், ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4), ஒரு முறை ஆன்டி டி.பி.ஓ, கிரேவ்ஸ் சந்தேகம் இருந்தால் டி.எஸ்.எச் ஏற்பி எதிர்ப்பொருள். ஆன்டி டி.பி.ஓ-வை மாதாமாதம் அளந்து கவலைப்படுவதில் பயனில்லை. அது 600-இலிருந்து 400 ஆனாலும் சிகிச்சை மாறாது. அந்த எண் சொல்வது எதிர்கால வாய்ப்பை. இங்கிலாந்தின் விக்கம் ஆய்வில் 20 ஆண்டு பின்தொடர்ந்தபோது, டி.எஸ்.எச்-உம் கூடி எதிர்ப்பொருளும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 சதவீதம் பேருக்கு முழுமையான குறைச் சுரப்பு வந்தது. எதிர்ப்பொருள் மட்டும் இருந்தவர்களில் அது 2.1 சதவீதம்.

பரிசோதனையில் ஏமாறும் இடங்கள் இரண்டு. தலைமுடிக்காக 5 அல்லது 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவருக்கு, சில கருவிகளில் டி.எஸ்.எச் பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். பார்த்தால் அசல் கிரேவ்ஸ் மாதிரியே இருக்கும். குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். மற்றது, கடும் நோயில் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது எடுக்கும் தைராய்டு பரிசோதனை. உடல் முழுக்க அழற்சிச் சைட்டோகைன்கள் பொங்கும்போது டி4 டி3-ஆக மாறுவது குறைகிறது, மூளையடிச் சுரப்பியும் அடங்குகிறது. தேறி வரும்போது டி.எஸ்.எச் தற்காலிகமாக உயரவும் செய்யும். தைராய்டு நோய்க்கான தெளிவான அறிகுறி இல்லாவிட்டால், குணமாகிச் சுமார் 6 வாரம் கழித்து மறுபடி பார்த்து முடிவெடுப்பதே சரி.

லெவோதைராக்சின் மாத்திரை (செயற்கையாகத் தயாரித்த டி4) சைட்டோகைன் சுழலை நிறுத்துவதில்லை. குறைந்த ஹார்மோனை ஈடு செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஈடு பெரும்பாலோருக்குப் போதுமானது, பாதுகாப்பானது. முழு ஈட்டுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். முதியவர்க்கும் இதய நோயாளிக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்குவார்கள். டி4-இன் அரை ஆயுள் சுமார் 7 நாள் என்பதால், அளவை மாற்றிய 6 முதல் 8 வாரத்துக்குப் பிறகே டி.எஸ்.எச் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து உணவு; இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. இப்படி எளிய ஈடு இருக்கும்போது, தொற்று ஆபத்துள்ள சைட்டோகைன் தடுப்பு மருந்துகளை ஹாஷிமோட்டோவுக்குக் கொடுப்பது நியாயமாகாது. 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' மாத்திரைகளும் இங்கே பொருந்தாது. அயோடின் மிகுந்த கடற்பாசி மாத்திரைகள் சுரப்பிக்கே கேடு செய்யலாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250.

கடைசியாகக் கர்ப்பம். கருவைத் தாய் உடல் நிராகரிக்காமல் இருக்க, ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகி அழற்சிச் செய்திகள் அடங்குகின்றன. அதனால்தான் கிரேவ்ஸ் நோய் கர்ப்பத்தின் பிற்பகுதியில் பலருக்குத் தணிகிறது. பிரசவம் ஆனதும் அந்த பிரேக் விடுபடுகிறது, அடங்கியிருந்த சுழல் மறுபடி வேகமெடுக்கிறது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் டி.பி.ஓ எதிர்ப்பொருள் இருந்த பெண்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சிக்கு ஆளாகிறார்கள். முதல் சில மாதங்களில் சேமித்த ஹார்மோன் கொட்டிப் படபடப்பு வரும். பிறகு சோர்வு, மனச்சோர்வு, எடை கூடுதல் என்று குறைச் சுரப்பு வரும். கைக்குழந்தையை வைத்திருக்கும் தாயின் களைப்பு என்று வீட்டில் எல்லாரும், அவரே கூட, இதைத் தள்ளிவிடுகிறார்கள். எதிர்ப்பொருள் இருந்தவர்கள் பிரசவமான 3-ஆவது, 6-ஆவது மாதங்களில் டி.எஸ்.எச் பார்த்துவிட வேண்டும். படபடப்புக் கட்டத்தில் ஹார்மோன் தயாரிப்பைத் தடுக்கும் கார்பிமசோல் போன்ற மருந்து உதவாது, ஏனென்றால் சுரப்பி அதிகம் தயாரிக்கவில்லை, ஏற்கெனவே செய்து வைத்தது கசிகிறது. அப்போது தேவைப்பட்டால் தருவது இதயத்துடிப்பை அடக்கும் புரோபிரனலால் மட்டுமே. அடுத்த குறைச் சுரப்புக் கட்டத்தில் லெவோதைராக்சின் வேண்டியிருக்கலாம். ஓராண்டுக்குள் பலருக்குச் சுரப்பி தேறிவிடும். தேறியவர்களும் ஆண்டுக்கு ஒரு முறை டி.எஸ்.எச் பார்த்துக்கொள்ள வேண்டும்.